பாத்துப் போ என்றால் போதுமா?

வண்டிச் சாவியை எடுத்தால் போதும், உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்: "பாத்துப் போப்பா." அந்த வார்த்தை லாரியை நிறுத்தாது என்று அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் சொல்லிவிட்டு ஹெல்மெட்டையும் எடுத்துக் கையில் திணிக்கிறார். வெளியே சாலையில் சிக்னல் இருக்கிறது, நடுவில் தடுப்புச் சுவர் இருக்கிறது, வேகத்தடை இருக்கிறது. "பாத்துப் போ" என்பது இத்தனைக்கும் மேலே வைக்கப்படும் ஒரு சொட்டு அன்பு. தடுப்புச் சுவரை இடித்துவிட்டு, "அதான் பாத்துப் போகச் சொன்னோமே" என்று நெடுஞ்சாலைத் துறை சொன்னால் நாம் சும்மா விடுவோமா?

வானத்தில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உலகிலேயே அதிகமாகச் சிறு விமானங்கள் பறக்கும் நாடு அமெரிக்கா. அங்கே விமானச் சட்டத்தில் 91.113 என்று ஒரு விதி உண்டு. வானிலை தெளிவாக இருக்கும்போது, விமானம் ஓட்டும் ஒவ்வொருவரும் மற்ற விமானங்களைக் கண்ணால் பார்த்து விலகிப்போகும்படி விழிப்புடன் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விமானிகளின் பேச்சில் இதற்குப் பெயர் "பார்த்து விலகு". ஆளில்லாத பாலைவனத்தின் மேல் இரண்டு பேர் பறக்கிறார்கள் என்றால் இந்த விதி நல்ல விதிதான். ஆனால் பெரிய ஜெட்டுகள் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று இறங்கும் விமான நிலையத்தின் பக்கத்திலும் இதே விதியை நம்பித்தான் பலபேர் உயிரை வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. அந்த இடத்தில் "பார்த்து விலகு" என்பது மோதலைத் தடுக்கும் ஏற்பாடாக வேலை செய்யவில்லை. மோதிய பிறகு பழியை யார் தலையில் கட்டுவது என்பதற்கான ஏற்பாடாகத்தான் வேலை செய்கிறது. செத்துப்போன விமானி வந்து பதில் சொல்ல மாட்டார். அது எல்லோருக்கும் வசதி.

*

முதலில் கண்ணைப் பற்றிப் பேசுவோம். கவிதையில் வரும் கண் இல்லை, காக்பிட்டில் உட்கார்ந்திருக்கும் கண்.

பத்தாயிரம் அடிக்குக் கீழே ஜெட் விமானத்துக்கு வேக வரம்பு 250 நாட். எதிரே வரும் ஒரு செஸ்னா 172 சுமாராக 110 நாட் வேகத்தில் பறக்கும். நேருக்கு நேர் வந்தால் இருவருக்கும் இடையிலான தூரம் நொடிக்கு 185 மீட்டர் வீதம் குறையும். இன்னொரு விமானத்தைக் கண்ணில் கண்டு, அது விமானம்தான் என்று புரிந்து, மோதப்போகிறது என்று உணர்ந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கையை அசைத்து, அந்த அசைவுக்கு விமானம் கீழ்ப்படிய மொத்தம் பன்னிரண்டரை நொடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே, அதாவது எஃப்.ஏ.ஏ.யே, விமானிகளுக்கான அறிவுரையில் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அதில் மோதப்போகிறது என்று உணர்வதற்கு மட்டும் ஐந்து நொடி. முடிவெடுக்க நான்கு நொடி.

பன்னிரண்டரை நொடிக்கு முன்னால் அந்தச் செஸ்னா எவ்வளவு தூரத்தில் இருக்கும்? 2.3 கிலோமீட்டர். அதன் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். அந்தத் தூரத்தில் அது முழுநிலவின் அகலத்தில் பாதிதான் தெரியும். அதுவும் நிலவு மாதிரி வட்டமாக இல்லை. முன்னாலிருந்து பார்த்தால் இறக்கை ஒரு கோடு, நடுவில் ஒரு புள்ளி. கையை முழுசாக நீட்டி விரல் நுனியில் ஒரு கடுகை வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த அளவு. பின்னணியில் வீட்டுக்கூரைகள், சாலைகள், நீச்சல்குளங்கள், பளபளக்கும் கார் கண்ணாடிகள். அதற்குள் அந்தக் கடுகைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் மோசம். நம் கண் அசைவுக்குப் பழகிய கண். எலி ஓடினால் மூலையிலேயே பிடித்துவிடும். ஆனால் நேர்கோட்டில் மாறாத வேகத்தில் வந்து நம் மீது மோதப்போகும் விமானம் நம் கண்ணாடியில் அசையவே அசையாது. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அசைகிற விமானம் என்றால் அது நம்மைத் தாண்டிப் போகிற விமானம். அசையாமல் நிற்பதுதான் எமன். கடைசி சில நொடிகளில் அது திடீரென்று ஊதிப் பெரிதாகும். அதற்குள் மேலே சொன்ன பன்னிரண்டரை நொடி கையைவிட்டுப் போயிருக்கும். அந்த எமன் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தால் கதை அதோடு முடிந்தது. அது அசையாது என்பதால், நீங்கள் தலையை நகர்த்தாத வரைக்கும் அங்கேயே மறைந்திருக்கும்.

சரி, வானத்தை முறையாகத் துழாவினால்? அறிவுரையில் அதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பத்து பாகையாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது ஒரு நொடி கண்ணை நிறுத்த வேண்டும். இடமிருந்து வலம் 180 பாகை, மேலும் கீழுமாக 30 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு பெருக்கல் மூன்று, ஐம்பத்துநான்கு நொடி. அந்த ஐம்பத்துநான்கு நொடியும் விமானி உயரமானியைப் பார்க்கக் கூடாது, வரைபடத்தைப் பார்க்கக் கூடாது, ரேடியோவில் அலைவரிசை மாற்றக் கூடாது. இறங்கும் விமானத்தில் இதெல்லாம் செய்யாமல் இருக்க முடியுமா? கடைசிப் பகுதியைப் பார்த்து முடிக்கும்போது முதல் பகுதியில் பார்த்தது ஏறக்குறைய ஒரு நிமிடத்துப் பழைய செய்தி.

ஆஸ்திரேலியாவின் விமானப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு 1991இலேயே இந்தக் கொள்கையின் குறைகளைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வறிக்கை போட்டது. கண்ணின் அமைப்பு, மூளையின் வேகம், காக்பிட்டின் மறைப்பு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுக் காட்டியது. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. விதி அப்படியே இருக்கிறது.

*

1978 செப்டம்பர் 25, திங்கட்கிழமை காலை, சான் டியேகோ. ஊருக்கு நடுவிலேயே இருக்கும் விமான நிலையம். பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் 182ஆம் எண் போயிங் 727 இறங்க வந்துகொண்டிருந்தது. நல்ல வெயில், தெளிந்த வானம். முன்னால், கீழே ஒரு செஸ்னா 172. அதில் ஒருவர் கண்ணுக்கு மறைப்பு போட்டுக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியில் இருந்தார், பக்கத்தில் பயிற்றுநர்.

கட்டுப்பாட்டாளர்கள் போயிங்கை எச்சரித்தார்கள். ஒருமுறை இல்லை, பலமுறை. போயிங்கில் இருந்தவர்கள் பார்த்துவிட்டோம் என்றார்கள். பார்த்துவிட்டால் விலகும் பொறுப்பு அவர்களுடையது. கட்டுப்பாட்டாளருக்கு ஒரு பாரம் குறைந்தது. பிறகு அவர்கள் கண்ணிலிருந்து செஸ்னா மறைந்தது. தாண்டிப் போயிருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பார்வையில் இல்லை என்பதைக் கோபுரத்துக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. செஸ்னாவும் சொல்லப்பட்ட திசையிலிருந்து விலகியிருந்தது. அதற்குள் செஸ்னா போயிங்குக்குக் கீழே வந்துவிட்டது. அணுகல் கட்டுப்பாட்டு மையத்தின் கணினி மோதல் எச்சரிக்கை ஒலித்தபோது மீதியிருந்தது 19 நொடி. இரண்டு விமானமும் பார்வையில்தான் இருக்கின்றன என்று நம்பியதால் யாரும் அசையவில்லை.

விமானத்தில் 135 பேர், செஸ்னாவில் 2 பேர், கீழே நார்த் பார்க் பகுதியில் வீடுகளில் இருந்த 7 பேர். மொத்தம் 144.

விசாரணையின் முடிவு, போயிங் விமானிகள் பார்வையைத் தக்கவைக்கத் தவறினார்கள், தவறியதைச் சொல்லவும் தவறினார்கள் என்பது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிக்கையைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழைய அறிக்கை நினைவுக்கு வரும். 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யனுக்கு மேலே இரண்டு பெரிய பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் செத்தார்கள். காரணம் என்ன என்று விசாரித்தவர்கள் எழுதியதன் சாரம்: விமானிகள் ஒருவரை ஒருவர் உரிய நேரத்தில் பார்க்கவில்லை. முங்கிச் செத்தவனைப் பற்றி "அவன் தண்ணீருக்கு மேலே வராததே மரணத்துக்குக் காரணம்" என்று எழுதினால் எப்படி இருக்கும்? கிராண்ட் கேன்யன் விபத்தாவது நாட்டை உலுக்கி, 1958இல் எஃப்.ஏ.ஏ. பிறக்கக் காரணமானது. வானத்துக்கு ஒரு முதலாளி வந்தார். ஆனால் சின்ன விமானங்களின் விஷயத்தில் அவர் தொடர்ந்து சொன்னது என்னவோ "பாத்துப் போ" தான்.

*

சான் டியேகோவிலிருந்து கொஞ்சம் வடக்கே, எட்டு வருஷம் தள்ளி. 1986 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. லாஸ் ஏஞ்சலிஸில் இறங்க வந்த ஏரோமெக்சிகோ 498, ஒரு டிசி-9. டாரன்ஸ் விமான நிலையத்திலிருந்து குடும்பத்தோடு கிளம்பிய ஒரு பைப்பர் ஆர்ச்சர். அனுமதி இல்லாமல் நுழையக் கூடாத கட்டுப்பாட்டு வான்பகுதிக்குள் பைப்பர் தெரியாமல் நுழைந்துவிட்டது. செரிட்டோஸ் என்ற புறநகரின் மேல் சுமார் 6,500 அடியில் டிசி-9இன் வால் இறக்கை பைப்பரின் மேற்கூரையைச் சீவிக்கொண்டு போனது. விமானங்களில் 67 பேர், தரையில் வீட்டில் இருந்த 15 பேர். மொத்தம் 82.

பைப்பரில் உயரத்தைத் தானாகச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கிடையாது. ரேடாரில் தெரிந்தாலும் அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கட்டுப்பாட்டாளருக்குத் தெரிய வழியில்லை. அவர் அந்த நேரத்தில் வழிதவறி வந்த இன்னொரு சின்ன விமானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

இந்த முறை விசாரணை வாரியம் ஒரு படி மேலே போனது. வான்போக்குவரத்து ஏற்பாட்டின் போதாமையையே முதல் காரணமாக வைத்தது. "பார்த்து விலகு" கொள்கையின் குறையையும் சேர்த்து எழுதியது. அதன் பலன் என்ன தெரியுமா? 1987இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டது. 30 இருக்கைக்கு மேற்பட்ட பயணிகள் விமானங்கள் எல்லாவற்றிலும் டிகாஸ் எனும் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் பறக்கும் விமானங்களுக்கு உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானது. அப்போதும் சிறு விமானிகள் பலர் முணுமுணுத்தார்கள். செலவு, கெடுபிடி, சுதந்திரம் போச்சு என்றார்கள். இன்றைக்கு அது இல்லாத வானத்தை யாரும் கேட்பதில்லை.

நம் நாட்டிலும் இதே பாடத்தைத் தாமதமாகத்தான் படித்தோம். 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியில் சவூதி ஜம்போவும் கசகஸ்தான் இல்யூஷினும் மோதி 349 பேர் செத்தார்கள். அங்கே சின்ன விமானம் எதுவும் கிடையாது. ஆனால் நோய் அதேதான். டெல்லி ரேடார் விமானங்களின் உயரத்தைக் காட்டாத வகை. இரண்டு விமானத்திலும் டிகாஸ் இல்லை. அதற்குப் பிறகுதான் இந்திய வானில் அந்தக் கருவி கட்டாயம் என்று ஆணை வந்தது. முதலில் பிணம், பிறகு பெட்டி. எல்லா ஊரிலும் ஒரே வரிசைதான்.

*

"கோபுரம் இருக்கிறதே, அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்கலாம். பயிற்சி எடுக்கிறவர்களே பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். இங்கேதான் பெரிய ஏமாற்று.

சின்ன விமானங்கள் அதிகம் புழங்கும் கோபுர விமான நிலையங்களில் பெரும்பாலானவை அமெரிக்க வகைப்பாட்டில் "டி" வகுப்பு வான்பகுதி. அங்கே கட்டுப்பாட்டாளர் யார் முதலில் இறங்குவது, யார் இரண்டாவது என்று வரிசை சொல்வார். ஓடுபாதையில் மோதாமல் பார்த்துக்கொள்வார். ஆனால் கண்பார்வை விதியில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே வானத்தில் இவ்வளவு இடைவெளி என்று உறுதி கொடுப்பது அவர் வேலை இல்லை. அது விமானிகளின் பொறுப்பு. விமானி நினைக்கிறார் கோபுரம் பார்க்கிறது என்று. கோபுரம் நினைக்கிறது விமானி பார்க்கிறார் என்று. நம்ம வீட்டில் கேஸை அணைத்தது யார் என்கிற கதை மாதிரி.

2021 மே 12, கொலராடோவின் சென்டென்னியல் விமான நிலையம். அருகருகே இணையான இரண்டு ஓடுபாதைகள். ஒன்றுக்கு மெட்ரோலைனர் சரக்கு விமானம் நேராக வருகிறது. அடுத்ததற்கு ஒரு சிர்ரஸ் திரும்பிக்கொண்டு வருகிறது. வேகம் கூடிப் போய் தன் பாதையின் நேர்கோட்டைத் தாண்டி, பக்கத்துக் கோட்டுக்குள் சிர்ரஸ் புகுந்தது. மெட்ரோலைனரின் பின்னுடல் கிழிந்து திறந்துகொண்டது. ஆனாலும் அது பத்திரமாக இறங்கியது. சிர்ரஸ் தன் பாராசூட்டை விரித்து மெல்ல வந்து தரையில் உட்கார்ந்தது. யாருக்கும் காயம் இல்லை. சிர்ரஸுக்கு மற்ற விமானத்தைப் பற்றிச் சொல்லப்பட்டிருந்தது. மெட்ரோலைனருக்குச் சிர்ரஸைப் பற்றிச் சொல்லப்படவில்லை.

அடுத்த வருஷம், 2022 ஜூலை 17, வடக்கு லாஸ் வேகஸ். மறுபடியும் இணையான ஓடுபாதைகள். இடது ஓடுபாதைக்கு அனுமதி வாங்கிய ஒரு பைப்பர் வலது ஓடுபாதையின் கோட்டுக்குப் போனது. அங்கே ஒரு செஸ்னா 172 இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு பேர் செத்தார்கள். முதல் கதையில் பாராசூட் இருந்தது. இரண்டாவதில் இல்லை. வித்தியாசத்தை உண்டாக்கியது யாருடைய கண்ணும் இல்லை.

இரண்டும் பகலில் நடந்தவை. மோதல்களில் பெரும்பாலானவை அப்படித்தான், நல்ல வெளிச்சத்தில், விமான நிலையத்தின் பக்கத்தில்தான் நடக்கின்றன. எல்லோரும் ஒரே புள்ளியை நோக்கி வரும் இடம் அது. செஸ்னா மாதிரி மேலே இறக்கை வைத்த விமானத்துக்குத் தன் தலைக்கு மேல் தெரியாது. பைப்பர் மாதிரி கீழே இறக்கை வைத்ததற்குத் தன் காலடியில் தெரியாது. பைப்பர் மேலே, செஸ்னா கீழே, இரண்டும் ஒரே ஓடுபாதைக்கு. இருவரும் இருபது இருபது கண் வைத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

*

சரி, வேறு எப்படிச் செய்வது? செய்து காட்டியிருக்கிறார்களே.

நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றின் மேலே ஒரு குறுகலான வான்வழி இருக்கிறது. சுற்றிலும் பெரிய விமான நிலையங்கள். ஆற்றின் மேல் மட்டும் தாழ்வாகச் சிறு விமானங்களும் சுற்றுலா ஹெலிகாப்டர்களும் அனுமதி கேட்காமல் பறக்கலாம். 2009 ஆகஸ்ட் 8 அன்று அங்கே ஒரு பைப்பரும் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் செத்தார்கள். விசாரணையில் மறுபடியும் அதே வரி: "பார்த்து விலகு" கொள்கையின் இயல்பான குறைகள். கூடவே கட்டுப்பாட்டாளர் ஒருவர் வேலைக்குச் சம்பந்தமில்லாத போன் பேச்சில் இருந்ததும்.

அதன் பிறகு அந்த வழியை மூடிவிடவில்லை. இரண்டு மாடியாகப் பிரித்தார்கள். சுற்றிப் பார்க்கிறவர்கள் ஆயிரம் அடிக்குக் கீழே. கடந்து போகிறவர்கள் அதற்கு மேலே 1,300 அடிக்குள். போகிறவர் ஒரு கரை ஓரம், வருகிறவர் மறு கரை ஓரம். எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும், எந்த அலைவரிசையில் சொல்ல வேண்டும், எந்த விளக்கு எரிய வேண்டும், அதிகபட்ச வேகம் என்ன, எல்லாம் கட்டாயம். இன்றைக்கும் சுதந்திரதேவி சிலையைச் சுற்றிச் சாதாரண விமானிகள் பறக்கிறார்கள். யாருடைய சுதந்திரமும் பறிபோகவில்லை. சாலையில் நடுக்கோடு போட்ட மாதிரி, அவ்வளவுதான்.

நடுக்கோடு போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் இருக்கிறது.

2025 ஜனவரி 29 இரவு. ரீகன் தேசிய விமான நிலையத்தின் 33ஆம் ஓடுபாதையில் இறங்க வந்த ஒரு பயணிகள் ஜெட். பொடோமக் ஆற்றின் மேலே வந்த ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர். 67 பேர் பலி. ஆற்றின் கரையோரமாக ஹெலிகாப்டர்களுக்கு என்று ஒரு வழி வரைந்து வைத்திருந்தார்கள். உயர வரம்பு 200 அடி. அந்த ஓடுபாதைக்கு இறங்கும் விமானம் அந்த வழியைத் தாண்டும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே 75 அடிதான் மிஞ்சலாம் என்று விசாரணை வாரியம் கண்டது. ஒரு சென்னை அடுக்ககத்தின் ஏழு மாடி உயரம். இந்த 75 அடிக்கு மேல் இருந்த ஒரே பாதுகாப்பு என்ன தெரியுமா? ஹெலிகாப்டரில் இருப்பவர், "விமானம் தெரிகிறது, நானே பார்த்து விலகிக்கொள்கிறேன்" என்று சொல்வது. அன்றைக்கும் இரண்டு முறை சொன்னார்கள். நகரத்தின் ஆயிரம் விளக்குகளுக்கு நடுவே அவர்கள் பார்த்தது எந்த விளக்கை என்பதை இனி யாரிடம் கேட்பது?

ஜெட்டின் டிகாஸ் எச்சரித்தது. ஆனால் தரைக்கு அவ்வளவு பக்கத்தில் அது "மேலே போ, கீழே போ" என்று கட்டளை கொடுக்காது. அருகே விமானம் என்று மட்டும்தான் சொல்லும். அது சொன்னபோது மீதியிருந்தது 19 நொடி. சான் டியேகோவில் இருந்த அதே 19. இன்னொரு விஷயமும் உண்டு. வாஷிங்டனில் விழுந்த விமானத்தை இயக்கிய துணை நிறுவனத்தின் பெயரும் பி.எஸ்.ஏ. பழைய பி.எஸ்.ஏ.யை விழுங்கிய நிறுவனம், அந்தப் பெயரின் உரிமை கைவிட்டுப் போகக் கூடாது என்று வேறொரு கம்பெனிக்கு அதைச் சூட்டிவைத்தது. பெயரைப் பத்திரமாகக் காப்பாற்றினார்கள். பாடத்தை?

தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த ஒரு விமான நிலையத்தில் மட்டும், ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் பக்கவாட்டில் ஒரு கடல் மைலுக்கும், உயரத்தில் 400 அடிக்கும் குறைவாக நெருங்கியது 15,214 முறை. மிக மோசமாக நெருங்கியது 85 முறை. இந்த எண்கள் எங்கேயோ தோண்டி எடுத்தவை இல்லை. ஏற்கனவே சேகரித்து வைத்திருந்த தரவில் கிடந்தவை. பதினைந்தாயிரம் முறை "பாத்துப் போ" பலித்தது. அதை ஏற்பாடு வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

*

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகக் கூடாது.

ஒன்று, "காக்பிட்டில் திரையை வைத்தால் விமானி திரையையே பார்ப்பான், வெளியே பார்க்க மாட்டான்." நியாயமான பயம். கையில் போனை வைத்துக்கொண்டு சாலையைக் கடக்கிற நம்மைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அமெரிக்காவில் உண்மையான விமானங்களை வைத்து நடத்திய பறப்புச் சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பறந்த விமானிகள் நெருங்கி வந்த விமானத்தைக் கண்டுபிடித்தது 56 சதவீதம். எந்தத் திசையில் பார் என்று கருவி சொன்னபோது 86 சதவீதம். கருவி கண்ணைப் பிடுங்கவில்லை, கண்ணுக்குக் கைகாட்டியது. அதிலும் காதில் குரலாகச் சொல்லும் கருவி என்றால் திரையைப் பார்க்கவே தேவையில்லை. இன்னொன்றும் பாருங்கள்: யாரும் சொல்லாத நிலையில், ஆய்வில் கலந்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்த விமானிகளே கிட்டத்தட்ட பாதிப் பேரைத் தவறவிட்டார்கள்.

இரண்டு, செலவு. 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களைச் சுற்றிப் பறக்கும் விமானங்கள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ஏ.டி.எஸ்-பி. கருவி வழியாக ஒலிபரப்ப வேண்டும் என்பது சட்டம். ஒலிபரப்பத்தான் வேண்டும், அடுத்தவர் ஒலிபரப்புவதைக் கேட்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை! எல்லோரையும் கத்தச் சொல்லிவிட்டுக் காதுகளை மட்டும் விருப்பத்துக்கு விட்ட மாதிரி. வாஷிங்டனில் அந்த ஹெலிகாப்டர் ஒலிபரப்பவும் இல்லை. கேட்கும் கருவி சில நூறு டாலரில், கையில் எடுத்துப் போகிற அளவில் கிடைக்கிறது. சில மணிநேரம் ஒரு செஸ்னாவை வாடகைக்கு எடுக்கும் பணம்.

மூன்று, இதுதான் ஆழமானது. "வானம் பொது. ஒரு சாதாரண மனிதன் சின்ன விமானம் எடுத்துக்கொண்டு யாரிடமும் கைகட்டி நிற்காமல் பறக்க முடிகிறதே, அதை விடக் கூடாது." எனக்கும் இந்த ஆசை பிடிக்கும். ஆனால் நார்த் பார்க்கில் செத்த ஏழு பேருக்கும், செரிட்டோஸில் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த பதினைந்து பேருக்கும் வானத்தோடு எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஜெட்டின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பயணிக்கு முன்கண்ணாடியே கிடையாது. "பார்த்து விலகு" என்ற விதி இவர்களிடம் எதைப் பார்க்கச் சொல்கிறது? விமானி பார்க்கத் தவறினால் அவர் தவறு. இவர்கள் என்ன தவறு செய்தார்கள்?

*

ஆகவே கேட்பது இதுதான். நெரிசலான விமான நிலையங்களைச் சுற்றி ஒலிபரப்புவது போலவே கேட்பதும் கட்டாயமாக வேண்டும், காதில் குரலாக. ராணுவத்துக்கும் பெரிய மனிதர்களின் ஹெலிகாப்டருக்கும் விலக்கு கூடாது. இறங்கும் பாதையும் ஹெலிகாப்டர் வழியும் சந்திக்கும் இடத்தில் கண்ணை நம்பி இடைவெளி வைப்பதை, குறிப்பாக இரவில், நிறுத்த வேண்டும். வாஷிங்டனில் 2025 மார்ச்சில் விசாரணை வாரியம் அவசரப் பரிந்துரை கொடுத்து, அந்த ஓடுபாதை புழக்கத்தில் இருக்கும்போது அந்த ஹெலிகாப்டர் வழியை மூடச் சொன்னது, மூடினார்கள். அதை விபத்துக்கு முன்னால் செய்திருந்தால் என்ன செலவாகியிருக்கும்? ஒரு ஹெலிகாப்டர் சில நிமிடம் காத்திருந்திருக்கும். மற்ற ஊர்களில் இப்போதே தரவை எடுத்துப் பார்க்கட்டும். நூலிழையில் தப்பியவற்றை வெற்றியாக எண்ணாமல், முன்கூட்டியே வந்த விசாரணை அறிக்கையாகப் படிக்கட்டும்.

விமானி உரிமத்துக்காக நம் ஊர்களிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். இதைப் படிக்கிற யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்தால், சட்டம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். கிளம்பியதுமே ரேடார் மையத்திடம் போக்குவரத்துத் தகவல் கேளுங்கள். கேட்பதற்குக் காசு கிடையாது. பகலிலும் இறங்கு விளக்கை எரிய விடுங்கள். தலையை மட்டும் திருப்பாமல் உடம்பையும் நகர்த்திக் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் பாருங்கள். இணை ஓடுபாதைக்குத் திரும்பும்போது கோட்டைத் தாண்டுகிறோம் என்று தோன்றினால் இழுத்துப் பிடிக்காமல், பக்கத்துப் பாதையின் எதிர்த்திசையில் விலகி, மேலே ஏறி, கோபுரத்திடம் சொல்லிவிட்டு மறுபடி வாருங்கள். "தெரிகிறது" என்று ஒருமுறை சொன்ன விமானம் பிறகு தெரியாமல் போனால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள்: தெரியவில்லை. சான் டியேகோவில் யாரும் உரக்கச் சொல்லாமல் விட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

இதையெல்லாம் செய்த பிறகு பார்த்துப் போங்கள்.